வேலைக்கு முன்னால் ஓடும் பணம்: கொங்கு மண்டலக் கட்டட ஒப்பந்ததாரர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களில் இயங்கிவரும் கட்டடப் பொறியாளர்கள், ஒப்பந்ததாரர்கள் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அவர்களுக்கு.

வணக்கம்.

சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்ளும் குடும்பங்களிடமிருந்து தங்கள் உறுப்பினர்கள் அச்சாரமும் தவணைகளும் பெறுவதற்கு, சங்கமே தமிழில் ஒரு பொது ஒப்பந்தப் படிவத்தை வகுத்து, உறுப்பினர் ஒவ்வொருவரும் அதன்படியே நடக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன். அந்தப் படிவத்தில் எத்தனை நிபந்தனைகள் இருந்தாலும், முடிந்த வேலைக்குத்தான் பணம், பணத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் வேலை என்பது கூடாது என்ற ஒரு விதி மட்டும் தளராமல் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கையின் சாரம்.

ஈரோடு, பெருந்துறை, கோபி, பவானி வட்டாரங்களில் வங்கிக் கிளைகளில் வீட்டுக்கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அஸ்திவாரம் முதல் பெயின்ட் வரை வீடு எழும்புவதைக் கோப்புகளின் வழியாகவும் நேரில் சென்றும் பார்த்திருக்கிறேன். கொங்கு நாட்டு மேஸ்திரிகளின் கைத்திறனிலும் பெரும்பாலான ஒப்பந்ததாரர்களின் நேர்மையிலும் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. பல வீடுகள் சொன்ன நாளில், சொன்ன தொகைக்குள் முடிந்ததைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் பாதியில் நின்றுபோன வீடுகளையும் கண்டிருக்கிறேன். அவை நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணம் அன்று, பணம் கைமாறும் முறையில் உள்ள கோளாறு. அதனால்தான் காவல் துறைக்கோ நீதிமன்றத்துக்கோ எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறேன். இதைச் சரிசெய்யும் ஆற்றல் தங்களிடம்தான் இருக்கிறது.

வழக்கமாக ஒரு குடும்பத்தின் கைக்கு வருவது, லெட்டர் பேடில் அடித்த ஒரே ஒரு பக்கம். 1,200 சதுர அடி, சதுர அடிக்கு ரூ. 2,400, ஆக மொத்தம் ரூ. 28,80,000 என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே தவணைகள் இருக்கும்: அச்சாரம் 20 சதவீதம், அஸ்திவார வேலை தொடங்கும் முன் 25, லிண்டல் (கதவு, ஜன்னல்களுக்கு மேல் வரும் உத்திரம்) போடும் முன் 20, ரூஃப் கான்கிரீட்டுக்கு முன் 20, பூச்சு வேலைக்கு 10, சாவி கொடுக்கும்போது 5. பெரிய தவணைகள் எல்லாம் ஒரு வேலையின் ‘முன்’ என்றே எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். ரூஃப் கான்கிரீட் போடும் நாளில் அந்தக் குடும்பம் 85 சதவீதம், அதாவது ரூ. 24,48,000 கொடுத்து முடித்திருக்கும். தளம் போட்டு முடிந்த வீடு, பூச்சும் தரையும் கதவும் ஒயரிங்கும் பைப் வேலையும் இல்லாத நிலையில், மொத்த மதிப்பில் ஏறக்குறைய பாதியைத் தாண்டாது என்பது வங்கியில் நாங்கள் மதிப்பீடு பார்த்த அனுபவம். தங்கள் பொறியாளர்களும் இதை மறுக்க மாட்டார்கள். பாதி என்றால் ரூ. 14,40,000. மீதி ரூ. 10,08,000 என்பது, அந்தக் குடும்பம் வட்டியில்லாமல், பிணையில்லாமல், எழுத்தில்லாமல் ஒப்பந்ததாரருக்குக் கொடுத்திருக்கும் கடன். கொடுத்தவருக்கே அது கடன் என்று தெரியாது.

அந்தப் பத்து லட்சம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் இன்னொருவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஒப்பந்ததாரர் ஒரே நேரத்தில் நான்கைந்து வீடுகளை எடுக்கிறார். சனிக்கிழமை வந்தால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கம்பி கட்டுகிறவர்களுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும், ஹார்டுவேர்ஸ் கடைக்காரர் பழைய பாக்கியைத் தீர்க்காமல் அடுத்த லோடு அனுப்ப மாட்டார். எனவே முதல் வீட்டில் விட்டுப்போன செலவுக்கு மூன்றாம் வீட்டின் அச்சாரமும், மூன்றாம் வீட்டின் தளத்துக்கு ஐந்தாம் வீட்டின் அச்சாரமும் போகின்றன. புதிய வீடுகள் வந்துகொண்டிருக்கும் வரை இது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆடி மாதத்தில் பெரும்பாலோர் புதிதாகப் பூமி பூஜை போடுவதில்லை, ஐப்பசி அடைமழையில் வேலை தேங்குகிறது, 2025 ஏப்ரலில் நடந்ததைப் போலக் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தால் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஜல்லியும் கிடைப்பதில்லை. இவற்றுள் ஏதேனும் ஒன்று இரண்டு மாதம் நீடித்தால் சங்கிலி அறுந்துவிடுகிறது, கடைசியாக அச்சாரம் கொடுத்த குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது. ஏலச்சீட்டில்கூட யாருக்கு எந்த மாதம், எவ்வளவு தள்ளுபடி என்று எழுதி வைத்துக்கொள்கிறோம். இங்கே அந்த அளவு எழுத்துகூட இல்லை.

கவுந்தப்பாடிப் பக்கத்தில் ஒரு குடும்பம். ஆலை வைத்துச் சர்க்கரை காய்ச்சி விற்ற பணம், அடகு வைத்த நகை, வங்கிக் கடன் மூன்றையும் சேர்த்து வீடு தொடங்கினார்கள். லிண்டல் மட்டத்தோடு வேலை நின்றுவிட்டது. நான் பார்வையிடச் சென்றபோது, தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துரு ஏறிச் செதில் செதிலாக உதிர்ந்தன. தகரக் கொட்டகையில் அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டைகளில் கீழ் வரிசை ஈரம் வாங்கிக் கல்லாகியிருந்தது. அந்த அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்து காட்டினார். ‘மேஸ்திரிக்குக் கொடுத்தது’ என்று தலைப்பிட்டு, தேதி, தொகை, எதிரே சில இடங்களில் கையெழுத்து, பல இடங்களில் வெறும் கோடு. பணம் எல்லாம் ரொக்கம். குடியிருந்த வீட்டுக்கு வாடகையும் கட்டினார்கள், எழும்பாத வீட்டுக்கு வங்கி வட்டியும் கட்டினார்கள். ஒப்பந்ததாரரைத் தேடிப் போய்ப் பேசினேன். அவர் ஓடி ஒளியவில்லை. வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் தனக்குத் தர வேண்டிய பாக்கியைச் சொல்லி வருந்தினார். அவர் சொன்னது பொய்யாகவும் எனக்குத் தோன்றவில்லை.

எழுதி வாங்கியிருக்கக் கூடாதா என்று நான் கேட்டதற்கு அந்த வீட்டுப் பெரியவர் சொன்ன மறுமொழியைத் தங்கள் முன் அப்படியே வைக்கிறேன்: “நம்ம ஊர்ப் பையனுங்க. பொண்டாட்டி வழியில சொந்தமும் கூட. எழுதிக் கேட்டா நம்பலீன்னு மொகம் சுண்டிப் போயிருமுங்க.” கொங்கு நாட்டில் வீட்டு வேலையை விளம்பரம் பார்த்து யாரும் கொடுப்பதில்லை. பங்காளி சொன்னார், மாமன் வீட்டுக்குக் கட்டியவர், கோயில் நோம்பியில் பழக்கமானவர் என்று முகத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கை நம் மண்ணின் செல்வம், அதைக் குலைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் அதே நம்பிக்கைதான் எழுத்தைக் கேட்கவிடாமல் வாயைக் கட்டுகிறது. சங்கம் ஒரு படிவத்தைக் கட்டாயமாக்கிவிட்டால், கேட்க வேண்டிய சங்கடம் வீட்டுக்காரருக்கும் இல்லை, மறுக்க வேண்டிய சங்கடம் ஒப்பந்ததாரருக்கும் இல்லை. “சங்கத்து விதிங்க மாமா, எல்லார்த்துக்கும் இதேதான்” என்று அவரே முதலில் படிவத்தை எடுத்து வைத்துவிடலாம். தனி மனிதரால் கேட்க முடியாத ஒன்றை அமைப்பு கேட்டுக்கொடுக்க முடியும் என்பதுதான் நான் தங்களை அணுகுவதற்கான முதன்மைக் காரணம்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவுசெய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும், அதை வேலை முன்னேறிய அளவுக்குத்தான் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு கட்டடத்தின் பணம் இன்னொரு கட்டடத்துக்குப் போவதைத் தடுக்கவே அந்த விதி. கோவையில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, கோபியில் தன் சொந்த மனையில் வீடு கட்டுகிறவருக்குக் கிடையாது, ஏனெனில் அந்தச் சட்டம் அவரைத் தொடுவதில்லை. வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வீட்டுக்கடனைக் கட்டுமான நிலைகளோடு நெருக்கமாக இணைத்தே வழங்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. தங்கள் உறுப்பினர்களில் அரசு வேலை எடுப்பவர்கள் பலர். அங்கே அளவுப் புத்தகத்தில் அளவு ஏறாமல் ஒரு பில்லும் பாஸ் ஆவதில்லை. அரசிடம் அளந்து பணம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு விசைத்தறிக் குடும்பத்திடமும் அப்படியே வாங்குவது கடினமாக இருக்காது.

படிவத்தில் தவணைகளை எப்படி வகுக்கலாம் என்பதற்கு ஒரு வரைவைத் தங்கள் பரிசீலனைக்கு வைக்கிறேன். அச்சாரம் 5 சதவீதம். பேஸ்மென்ட் மட்டம் முடிந்து, மண் கொட்டி நீர்விட்டுக் கெட்டித்த பின் 15. லிண்டல் முடிந்ததும் 12. ரூஃப் கான்கிரீட் போட்டு முடிந்ததும் 20. சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கி நிற்கும் தகடும் முட்டும்) பிரித்துத் தளத்தின் அடியைப் பொறியாளர் பார்த்த பின் 3. உள்பூச்சு, வெளிப்பூச்சு, மின் குழாய்ப் பதிப்பு முடிந்ததும் 15. தரை, கதவு, ஜன்னல், குழாய் வேலைகள் முடிந்ததும் 15. பெயின்ட் முடிந்து சாவி ஒப்படைக்கும்போது 10. மீதி 5 சதவீதம் ஒரு மழைக்காலம் கழித்து. இதன்படி தளம் முடியும் வரை குடும்பம் கொடுப்பது 55 சதவீதம், அதுவும் வேலையின் மதிப்பை ஒட்டியே இருக்கும். எந்த நாளில் யார் விலகினாலும், இரு தரப்பின் இழப்பும் ஒரு தவணைக்குள் அடங்கிவிடும். சதவீதங்களைத் தங்கள் பொறியாளர்கள் மாற்றி அமைக்கலாம், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பணம் வேலையின் பின்னால் வர வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம் உண்டு.

சென்ட்ரிங் பிரித்த பின் 3 சதவீதம் என்று தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. தகடும் ஜாக்கியும் நாள் வாடகைக்கு வருகின்றன. தளம் போட்டதுமே அந்தத் தவணை முழுவதும் கைக்கு வந்துவிட்டால், வாடகையை மிச்சப்படுத்தச் சீக்கிரம் பிரித்துவிட வேண்டும் என்ற எண்ணம் இயல்பாக வருகிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டில் போட்ட தளத்துக்கு, தாங்கும் சுவர்களுக்கு அல்லது உத்திரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 4.5 மீட்டர் வரை இருந்தால் முட்டுகளை 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும், 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்திரங்களுக்கு 21 நாளும் வைத்திருக்கச் சொல்கிறது. நீர் ஆற்றுவதும், அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பதும், சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், நிலக்கரிச் சாம்பல் போன்றவை சேர்ந்த கலப்பு சிமெண்டுக்கு 10 நாள். கடையில் இன்று பெரும்பாலும் கிடைப்பது கலப்பு சிமெண்டுதான். தவணையை இந்த நாட்களோடு பிணைத்துவிட்டால், பணமே தரத்துக்குக் காவல் நிற்கும்.

சதுர அடி என்றால் எதன் சதுர அடி என்பதைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். சுவரின் வெளிவிளிம்பு வரையா, சிட்-அவுட்டும் மாடிப்படி மேல்கூரையும் முழுக் கணக்கா பாதிக் கணக்கா, சம்பும் செப்டிக் டேங்கும் காம்பவுண்டு சுவரும் மொட்டை மாடி ஓடும் உள்ளேயா வெளியேயா என்பவை எழுதப்படாததால்தான் கடைசி மாதத்தில் ‘எக்ஸ்ட்ரா’ என்ற பெயரில் சில லட்சங்கள் முளைக்கின்றன. சிமெண்ட், கம்பி, ஒயர், குழாய் ஆகியவற்றின் ரகம், டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு விலை வரை என்பனவும் எழுத்தில் இருக்க வேண்டும். கூடுதல் வேலை எதுவானாலும், தொகையைக் குறித்து இருவரும் கையெழுத்திட்ட பிறகே தொடங்க வேண்டும்.

விலை ஏற்றத்தைப் பற்றியும் நியாயமாக எழுதிக்கொள்ளலாம். கம்பி விலையும் செங்கல் விலையும் எதிர்பாராமல் ஏறும்போது ஒப்பந்ததாரர் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பந்த நாளின் விலையைக் குறித்துக்கொண்டு, இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் வித்தியாசத்தை வீட்டுக்காரர் தர வேண்டும் என்று வைக்கலாம். ஆனால் அது இறக்கத்துக்கும் பொருந்த வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. நடந்துகொண்டிருந்த வேலைகளில் அந்தக் குறைப்பு வீட்டுக்காரரைச் சென்றடைவதற்கு எந்த ஏட்டிலும் வழி எழுதப்பட்டிருக்கவில்லை.

பணம் வங்கி வழியாகவே போக வேண்டும், ஒவ்வொரு தொகைக்கும் எந்த நிலைக்கான தவணை என்று குறித்த ரசீது வேண்டும். இது வீட்டுக்காரரின் நலனுக்கு மட்டும் சொல்வதில்லை. ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே பரிவர்த்தனை தொடர்பாக, இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடுத்திருக்கிறது. அபராதம் பெற்றவர் மீதுதான் விழும், பெற்ற தொகை எவ்வளவோ அவ்வளவு அபராதம். பிரித்துப் பிரித்து வாங்கினாலும் ஒரே ஒப்பந்தம் என்று கொள்ள இடமுண்டு என்பதைத் தங்கள் உறுப்பினர்களுக்குத் தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்ன சதுர அடி விலையில் ஜி.எஸ்.டி. அடக்கமா இல்லையா என்பதையும் முதலிலேயே எழுதிவிட்டால், கடைசியில் ‘பில் வேண்டுமானால் 18 சதவீதம் தனி’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

ஒப்பந்ததாரர் தரப்பின் வருத்தங்களை நான் அறியாதவன் அல்லன். தலைவாசல் நிலவு (வாசற்கால்) வைக்கும் நாள் வரை தாராளமாகக் கொடுத்துவிட்டு, புதுமனை புகுவிழாவான புண்ணியார்ச்சனை முடிந்து குடியேறிய பின் கடைசித் தவணையைத் தராமல் குறை சொல்லியே இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வாஸ்து பார்க்கிறவர் சொன்னார் என்று எழுப்பிய சுவரை இடிக்கச் சொல்லி, இடித்ததற்கும் கட்டியதற்கும் கூலி தராதவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமைக் கூலிக்குக் கைமுதல் இல்லாத சிறிய ஒப்பந்ததாரர் 5 சதவீத அச்சாரத்தில் எப்படி வேலையைத் தொடங்குவார் என்ற கேள்வியும் நியாயமானதே. அவருக்குப் பெரிய அச்சாரத்தைவிடச் சிறு சிறு தவணைகளே உதவும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்து, அளந்த வேலைக்கு மூன்று நாளில் பணம் என்று வைத்தால் கூலி தடைப்படாது. சிமெண்டையும் கம்பியையும் வீட்டுக்காரரே தம் பெயரில் பில் போட்டுக் கடைக்கு நேராகப் பணம் கட்டிவிட்டால், ஒப்பந்ததாரரின் கைமுதலும் கடைக்கடனும் பெருமளவு குறையும், பொருளும் அந்த வீட்டை விட்டு வேறு சைட்டுக்குப் போகாது. தவணை தாமதமானால் வேலையை நிறுத்திவைக்கும் உரிமையும், குறித்த வட்டியும் ஒப்பந்ததாரருக்கு உண்டு என்று அதே படிவத்தில் எழுதுங்கள். அதை முழு மனதோடு ஆதரிப்பேன்.

வேலை முடிந்ததா இல்லையா என்பதில் கருத்து வேறுபாடு வந்தால், அந்த வேலையில் தொடர்பில்லாத ஒரு பொறியாளரைச் சங்கம் அனுப்பி அளந்து சொல்ல ஏற்பாடு வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவை என்று வெளிப்படையாகவே வரையறுத்திருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். ஆயினும் ரொக்கமாகக் கொடுத்து நோட்டில் கோடு போட்டவரால் அங்கே எதை நிரூபிக்க முடியும்? நிரூபித்தாலும், உத்தரவு வரும் வரை கூரையில்லாத சுவர் மழையில் நனைந்துகொண்டே இருக்கும். ஒரு வாரத்துக்குள் அளந்து முடிவு சொல்லும் குழு உள்ளூரிலேயே இருந்தால், பாதிக்கு மேற்பட்ட சச்சரவுகள் அந்தத் திண்ணையிலேயே முடிந்துவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை. படிவத்தை மீறிய உறுப்பினரின் பெயரை நீக்கவும் சங்கத்துக்கு அதிகாரம் இருக்க வேண்டும், இல்லையேல் படிவம் வெறும் தாளாகிவிடும்.

தை பிறந்ததும் நம் பகுதியில் பூமி பூஜைகள் தொடங்கிவிடும், வைகாசி வரை ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிக்கொண்டே இருக்கும். எனவே மார்கழிக்குள் வரைவைத் தயாரித்து, பொதுக்குழுவில் வைத்து, தையில் தொடங்கும் வேலைகளுக்கேனும் நடைமுறைப்படுத்தித் தருமாறு வேண்டுகிறேன். எல்லா மாவட்டங்களும் ஒன்றாக முடிவெடுக்க நாளாகும் என்றால், ஏதேனும் ஒரு வட்டத்தின் சங்கம் முன்வந்து ஓர் ஆண்டு நடத்திப் பார்க்கட்டும். வங்கிகள் நிலைவாரியாகக் கடன் வழங்கும்போது பயன்படுத்தும் ஆய்வுப் படிவங்களின் அமைப்பை விளக்கவும், வரைவுக் குழுவில் ஊதியமின்றி அமர்ந்து எழுத்து வேலை செய்யவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். தங்கள் பொதுக்குழு நடக்கும் நாளை அறிவித்தால் நேரில் வந்து கேள்விகளுக்கு விடை சொல்வேன்.

இப்படிக்கு,
வீட்டுக்கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
ஈரோடு.